மாங்காயும் மூன்று கேஷும்: ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் கம்ப்யூட்டரில் தேடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இன்டர்நெட் இணைப்பு வந்துவிட்டது. படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?"

அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஓர் ஆங்கிலச் சொல் எந்த மொழியில் பிறந்து, எந்தெந்த மொழிகள் வழியாக வந்தது என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கும் வழியை இதில் பார்ப்போம். காசு கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். ஒரு பிரவுசரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். காரைக்கால் அம்மையார் சிவனடியாருக்கு மாங்கனி படைத்த கதையை நினைவுகூரும் விழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாங்கனிகளை இறைப்பார்கள். சென்ற ஆண்டு அந்தச் சமயத்தில் என் சித்தி மகளின் பள்ளியில் ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பு, "உலகுக்குத் தமிழ் தந்த சொற்கள்". அவள் ஒன்பதாம் வகுப்பு. "அண்ணா, உன்கிட்ட லிஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. செல்போனில் யாரோ அனுப்பிய பன்னிரண்டு சொற்கள்: கேட்டமரான், செரூட், மேங்கோ, கறி, முல்லிகடானி, கேஷ், ஜிஞ்சர், காயர், காட், விக்டரி, எய்ட், ப்ரைஸ். எல்லாமே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை என்று அதில் எழுதியிருந்தது. நான் ஒன்றையும் சரிபார்க்கவில்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியர் அண்ணன் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டாள்.

நடுவராக வந்தவர் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பேச்சு முடிந்ததும் அவர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். "கேஷ் என்ற சொல் காசிலிருந்து வந்தது என்கிறாயே, அம்மா. பிரெஞ்சில் பணப்பெட்டிக்குக் 'கெஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன். உனக்கு எப்படித் தெரிந்தது?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. மேடையிலேயே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. "அந்த ஐயா சொன்னது சரியா, நீ சொன்னது சரியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம்.

தேவையான கருவிகள்

பிரவுசரில் 'சொல் தேடல்' என்ற பெயரில் ஒரு புக்மார்க் போல்டர் உருவாக்குங்கள். கீழே உள்ள ஐந்து தளங்களையும் கூகுளில் பெயர் கொடுத்துத் தேடி, திறந்து, அந்தப் போல்டரில் சேர்த்துவிடுங்கள். அவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

1. ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி: டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் உருவாக்கியது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் அது எந்த மொழியிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் ஏறத்தாழ எப்போது எழுத்தில் வந்தது என்று சில வரிகளில் சொல்லும். முதலில் திறக்க வேண்டியது இதுதான்.

2. ஹாப்ஸன்-ஜாப்ஸன்: இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொற்களின் அகராதி. ஹென்றி யூல், ஏ.சி.பர்னல் இருவரும் தொகுத்தது, 1886இல் வெளிவந்தது. பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஒவ்வொரு சொல்லையும் பழைய பயணிகள் எப்படி எழுதினார்கள் என்று ஆண்டு வாரியாக எடுத்துக்காட்டுகள் இருக்கும்.

3. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'டிஜிட்டல் டிக்ஷனரிஸ் ஆஃப் சவுத் ஏசியா' தளத்தில் கிடைக்கிறது.

4. திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி: பரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் தொகுத்தது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு முதலிய மொழிகளின் இனச்சொற்கள் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக இருக்கும். இதுவும் சிகாகோ தளத்தில் உண்டு.

5. விக்ஷனரி: பலரும் சேர்ந்து எழுதும் அகராதி. ஒரு சொல்லின் பாதையை வேகமாகப் பார்க்க வசதி. ஆனால் இதில் பார்த்ததை மற்ற நான்கில் ஒன்றிலாவது சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

தமிழ் எழுத்தில் தேடக் கீபோர்டு வேண்டுமே என்பீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டு கிடைக்கும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

முதல் பயிற்சி: மேங்கோ

காரைக்கால்காரர்கள் என்பதால் மாம்பழத்திலிருந்தே தொடங்கினோம். நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

படி 1: ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரியைத் திறந்து, தேடல் பெட்டியில் மேங்கோ என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வந்தது, போர்ச்சுகீசிய மொழியின் 'மாங்கா'விலிருந்து வந்தது, அது மலாய் மொழியின் 'மங்கா'விலிருந்து, அது தமிழின் 'மாங்காய்' என்பதிலிருந்து என்று ஒரு சங்கிலி கிடைக்கும்.

படி 2: ஹாப்ஸன்-ஜாப்ஸனில் அதே சொல்லைப் பாருங்கள். பக்கம் மிக நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் தட்டுங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் தமிழ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அந்தச் சொல் வரும் இடத்துக்கெல்லாம் கர்சர் தாவும். இங்கேயும் மூலச்சொல் தமிழ் மாங்காய் என்றுதான் இருக்கிறது.

படி 3: இடையில் உள்ள மொழிகள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே சந்தித்தனவா என்று பாருங்கள். போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அங்கே மலையாளத்தில் 'மாங்ங'. 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே மலாயில் 'மங்கா'. ஆக, போர்ச்சுகீசியர் காதில் இது மேற்குக் கரையிலும் விழுந்திருக்கலாம், மலாக்காவிலும் விழுந்திருக்கலாம். அகராதிகள் ஒன்று மலாயையும் மற்றொன்று மலையாளத்தையும் முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான். எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும் சொல் புறப்பட்ட வீடு ஒன்றே.

படி 4: தமிழ் வடிவத்தைத் தமிழ் இலக்கணத்தால் சோதித்துப் பாருங்கள். மரத்தின் பெயர் 'மா'. மா + காய் என்று சேரும்போது நடுவில் 'ங்' தோன்றுகிறது. மரப்பெயருக்குப் பின் இன மெல்லெழுத்து வரும் என்று பள்ளியில் படித்த விதிதான். விளங்காய், களங்கனி எல்லாம் அப்படி வந்தவையே. ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருக்கும் 'ங்' நம் புணர்ச்சி விதியின் அடையாளம். இதைக் கண்டதும் என் தங்கை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

படி 5: பொருள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாம் பழத்தை மாம்பழம் என்போம், மாங்கனி என்போம். ஆங்கிலத்துக்குப் போனதோ காயின் பெயர். ஏன்? மலையாளத்தில் மாங்ங என்பது காய், பழம் இரண்டுக்கும் பொதுவாக வழங்குகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொரு செய்தியும் இதோடு பொருந்துகிறது. பல மாதம் கப்பலில் போக வேண்டிய அந்தக் காலத்தில் பழம் இங்கிலாந்து போய்ச் சேராது. ஊறுகாய்தான் போய்ச் சேரும். அதனால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மேங்கோ என்றால் ஊறுகாய் என்றும் ஒரு பொருள் உண்டு. முலாம்பழம், வெள்ளரிக்காய் போன்றவற்றை மசாலா அடைத்து ஊறப்போடுவதையே 'மேங்கோ செய்வது' என்று வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் விழா கனியின் பெயரில் நடக்கிறது. உலகம் முழுக்க அந்தக் கனியைத் தின்றுவிட்டுக் காயின் பெயரைச் சொல்கிறது.

மேங்கோ ஐந்து படிகளிலும் தேறிவிட்டது. இனி அழ வைத்த சொல்லுக்கு வருவோம்.

இரண்டாம் பயிற்சி: கேஷ்

அகராதியில் கேஷ் என்று தட்டியதும் ஓர் ஆச்சரியம். ஒரே எழுத்துக் கூட்டில் இரண்டு பதிவுகள் இருந்தன. அச்சு அகராதிகளில் இப்படி வந்தால் தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று சிறிய எண் போட்டிருப்பார்கள். புதியவர்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே உருவம், வெவ்வேறு பிறப்பு என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன.

முதல் கேஷ்: பணம். லத்தீனில் 'கப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'கஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கேஷ் என்றால் பணப்பெட்டி. பிறகு பெட்டியில் உள்ள பணத்துக்கும் அதே பெயர் ஆகி, பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்தது. கேஷியர் என்பவர் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். கேப்ஸ்யூல் மாத்திரையும், பாட்டுக் கேட்ட கேஸட்டும் இதே பெட்டிக் குடும்பம்தான். நடுவர் ஐயா சொன்னது சரி.

இரண்டாம் கேஷ்: நாணயம். இதுவும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் வந்தது. தென்னிந்தியாவில் வழங்கிய சிறு செப்புக் காசுக்கும், பிறகு நடுவில் துளையிட்ட சீனக் காசுக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர். இதன் பாதை: தமிழ்க் 'காசு', போர்ச்சுகீசியத்தில் 'கைஷா', பிறகு ஆங்கிலத்தில் கேஷ்.

இங்கே ஒரு குழப்பத்தையும் கவனியுங்கள். போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள். லத்தீன் கப்ஸாவின் வாரிசு அது. காசு என்ற ஒலியைக் கேட்டவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான சொல்லின் வடிவத்திலேயே அதை எழுதிவிட்டார்கள். அப்போதே இரண்டும் முகச்சாயலில் ஒன்றாகிவிட்டன.

காசு என்ற தமிழ்ச் சொல்லின் வயதை எப்படி நிச்சயம் செய்வது? தமிழ் லெக்சிகனைத் திறந்தால் பொன், காசுமாலை, பழைய பொற்காசு, செப்புக் காசு, மணி என்று பல பொருள்கள் வருகின்றன. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படித்தோமே, அந்தக் காசும் அங்கே இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சத்தின்போது அடியார்களுக்குச் சோறிடச் சம்பந்தரும் அப்பரும் சிவனிடம் காசு பெற்றார்கள் என்பது வரலாறு. வாசி இல்லாத காசு வேண்டும் என்று சம்பந்தர் கேட்ட பதிகம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போர்ச்சுகீசியக் கப்பல் வருவதற்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பே சொல் இங்கே புழங்கியிருக்கிறது. எனவே இது அவர்கள் கொண்டுவந்த சொல் அல்ல.

சில அகராதிகள் காசு என்பதை வடமொழியில் 'கர்ஷம்' என்னும் எடைப் பெயரோடு ஒப்பிடச் சொல்கின்றன. அந்த இடத்தில் சி, எஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'ஒப்பிடுக' என்பது அதன் பொருள். 'இதிலிருந்து வந்தது' என்று படித்துவிடக் கூடாது.

கையில் எடுத்துப் பார்க்கும் சான்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம்; 42 ஃபனம் ஒரு நட்சத்திர வராகன். ஃபனம் என்பது நம் பணமேதான். 1808இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோஹோ ஆலையில் அடித்து அனுப்பிய 20 கேஷ் செப்புக் காசுகள் இன்றும் நாணயம் சேகரிப்பவர்களிடம் இருக்கின்றன. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இப்படிப்பட்ட காசுகளை ஏற்றி வரும்போது 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிப்போனது.

எங்களுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் இருந்தார்கள். அவர்களுடைய செப்புக் காசின் பெயர் 'கஸ்'. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954இல் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சு இந்தியாவின் சிறு காசுக்குக் 'கஷ்' என்று பெயர். ஆக, ஒரு நாள் நடைத்தூரத்துக்குள் இரண்டு ஐரோப்பிய அரசுகள் ஒரே தமிழ்ச் சொல்லைத் தத்தம் எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

பிரெஞ்சுக்காரரின் இன்னொரு காசு 'தூதூ'. ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப்பூச் சின்னம், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற எழுத்து. அது நம் துட்டு. ஆனால் துட்டு தமிழில் பிறந்ததல்ல. டச்சுக்காரரின் சிறு காசான 'டாயிட்' என்பதிலிருந்து வந்தது. அவர்கள் 1658 முதல் 1781 வரை பக்கத்தில் நாகப்பட்டினத்தில் இருந்தவர்கள். சொற்கள் ஏற்றுமதி மட்டும் ஆவதில்லை, இறக்குமதியும் ஆகின்றன.

மூன்றாவது கேஷ், உங்கள் கம்ப்யூட்டருக்குள்

பிரவுசர் மெதுவாக ஓடினால் 'கேஷை கிளியர் செய்யுங்கள்' என்கிறோம் அல்லவா? அது பணமும் இல்லை, காசும் இல்லை. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும்; ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டே வேறு.

பிரெஞ்சில் 'கஷே' என்றால் ஒளித்து வைத்தல். வட அமெரிக்காவில் தோல் வேட்டையாடிய பிரெஞ்சுக்காரர்கள் உணவையும் பொருள்களையும் குழி தோண்டி ஒளித்து வைத்த இடத்துக்குக் 'கஷ்' என்று பெயர். அவர்களிடமிருந்து ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. 1968இல் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 வரிசையின் 85ஆம் மாடலைப் பற்றி எழுதியபோது, பிராசஸருக்குப் பக்கத்தில் வைத்த வேகமான சிறு மெமரிக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் பதுக்கி வைக்கும் இடம் என்பதால் பெயர் நன்றாகப் பொருந்திவிட்டது. பார்த்த வலைப்பக்கங்களின் படங்களைப் பிரவுசர் சேர்த்து வைப்பதும் இதே காரியம்தான்.

தேறாத சொற்கள்

பட்டியலின் மூன்று சொற்கள் முழுவதும் தோற்றன. எப்படித் தோற்றன என்று தெரிந்துகொள்வது, வென்றவை எப்படி வென்றன என்பதைப் போலவே பயன்படும்.

எய்ட், எட்டு: கேட்பதற்கு இரட்டையர் போலிருக்கும். பழைய ஆங்கிலத்தில் எய்ட் என்பது 'எஅஹ்ட்ட'. லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. தமிழ்ப் பக்கம் பின்னோக்கிப் போனால் வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு என்கிறோமே. இரண்டும் பழைய வடிவத்துக்குப் போகப் போக விலகுகின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயல்.

விக்டரி, வெற்றி: தமிழில் வேர் 'வெல்'. விக்டரி லத்தீன் 'விக்டோரியா'விலிருந்து வந்தது. அதன் வேர் 'வின்க்'. முதலெழுத்து மட்டுமே பொது.

ப்ரைஸ், பரிசு: விலை என்று பொருள்படும் லத்தீன் 'ப்ரெடியும்', பழைய பிரெஞ்சில் 'ப்ரிஸ்' ஆகி, ஆங்கிலத்தில் விலைக்கும் பரிசுக்கும் இரண்டு சொற்களாகப் பிரிந்தது. தமிழ் பரிசு அந்த வழியில் எங்கும் இல்லை.

நான்கு சோதனைகள்

எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. மிகப் பழைய வடிவம் எது? இரண்டு பக்கமும் பின்னோக்கிப் போங்கள். நெருங்கினால் உறவு இருக்கலாம். விலகினால் தற்செயல்.

2. எந்த வழியாகப் போனது? வணிகம், கப்பல், ஆட்சி, சமயம் என்று இரு மொழிக்கும் நடுவே ஒரு பாதை வேண்டும். பொருளே பயணம் செய்திருந்தால் இன்னும் நல்லது. மாங்காய் கப்பலேறும், எட்டு என்ற எண்ணை யாரும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

3. ஆண்டுகள் பொருந்துகின்றனவா? போர்ச்சுகீசியர் வருமுன்பே ஐரோப்பாவில் வழங்கிய சொல்லைப் போர்ச்சுகீசியர் கொண்டுபோனார்கள் என்று சொல்ல முடியாது.

4. ஒரே உருவத்தில் வேறு சொல் உண்டா? கறியைப் பாருங்கள். கறிக் குழம்பைக் குறிக்கும் கறி நம்முடையது. குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறிக்கும் அதே எழுத்துக் கூட்டுச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொன்று.

ஓர் எச்சரிக்கை. இப்போது பலர் ஏஐ அரட்டைக் கருவிகளிடம் கேட்டுவிடுகிறார்கள். தேடலைத் தொடங்க அவை உதவும். ஆனால் இல்லாத பாதையையும் இருப்பதுபோல் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். பதிலை அகராதியில் பார்க்கும் வரை அது பதில் அல்ல, யூகம்தான்.

அட்டவணை போடுங்கள்

எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க் திறந்து ஆறு தலைப்புகள் கொடுங்கள்: சொல், மொழி, வடிவம், பொருள், காலம், பார்த்த அகராதி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரிசை. கடைசித் தலைப்பைக் காலியாக விடாதீர்கள். யாராவது 'உனக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேட்டால் பதில் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். நோட்பேடில் குறிப்பு எழுதினால் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லாவிட்டால் மறுநாள் தமிழெல்லாம் கேள்விக்குறியாக நிற்கலாம்.

எங்கள் பன்னிரண்டு சொற்களின் கணக்கு இப்படி முடிந்தது.

நேராகத் தேறியவை ஐந்து: மேங்கோ, கறி, சுருட்டிலிருந்து செரூட், மிளகுத்தண்ணீரிலிருந்து முல்லிகடானி, கட்டுமரத்திலிருந்து கேட்டமரான். கடைசிச் சொல்லில் பொருள் மாறிவிட்டது. காரைக்கால்மேட்டு மீனவருக்குக் கட்டுமரம் என்றால் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்தில் இன்று அது இரண்டு அடிப்பகுதிகளை இணைத்த படகு.

விளக்கத்தோடு சொல்ல வேண்டியவை நான்கு. ஒன்று கேஷ். இரண்டாவது காயர், அது மலையாளத்துக் 'கயறு' வழியாகப் போனது, நம் கயிறு அதன் உடன்பிறப்பு. மூன்றாவது காட், ஆங்கிலேயர் எடுத்தது இந்தி 'காட்', அதற்கு மூலம் வடமொழி 'கட்வா', அந்த வடமொழிச் சொல்லுக்கே மூலம் கட்டில் போன்ற திராவிடச் சொல் என்பது அறிஞர் கருத்து. நான்காவது ஜிஞ்சர். இஞ்சியும் வேரும் சேர்ந்த ஒரு திராவிடச் சொல் பாலியில் 'சிங்கிவேர', வடமொழியில் 'சிருங்கவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', பிற்கால லத்தீனில் 'கிங்கிபெர்', பழைய பிரெஞ்சில் 'ஜின்ஜிப்ர' என்று உருமாறி ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரே சொல்லுக்காக ஆலன் ராஸ் என்ற அறிஞர் 1952இல் தனி நூலே எழுதினார்.

தேறாதவை மூன்று.

கேஷ் அட்டவணையை பிரின்ட் எடுத்துக்கொண்டு தங்கை அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் கேஷின் வரிசையை அவர் இரண்டு முறை படித்தார். "நான் சொன்னது பாதிதான் அம்மா. மீதிப் பாதி உன்னுடையது" என்றார். பரிசு போனது போனதுதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தப் பட்டியலைக் குடும்ப குரூப்பில் நானே அனுப்பியிருந்தேன். மூன்று சொற்களை அடித்து, நான்குக்கு விளக்கம் எழுதி, 'முன்பு அனுப்பியதில் தவறு இருக்கிறது' என்று முதல் வரியில் போட்டு மறுபடி அனுப்பினேன். பொய்யான மூன்று சொற்கள் பட்டியலில் இருந்தால், உண்மையான ஐந்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாசகர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ரைஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஐந்து புக்மார்க்கையும் திறந்து, நான்கு கேள்விகளையும் கேட்டு, ஆறு தலைப்பிலும் நிரப்புங்கள். எந்த வரிசை வரை அகராதிகள் ஒத்துப்போகின்றன, எந்த வரிசையில் பிரிகின்றன என்று குறித்து வையுங்கள். பிரியும் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குறியும் நல்ல விடைதான்.